எக்ஸ்பாக்ஸ் 360 டிரைவ் சாகவில்லை. முதலில் சாவி எங்கே என்று பாருங்கள்

கேள்வி: அண்ணா, என்னிடம் பழைய வெள்ளை எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதன் டிஸ்க் டிரைவ் லைட்-ஆன் டிஜி-16டி2எஸ். லேபிளில் 74850சி என்று போட்டிருக்கிறது. பெரியம்மா மகன் வீட்டுக் கணினியில் அதை இணைத்து மாற்று ஃபர்ம்வேர் (டிரைவை இயக்கும் உள் மென்பொருள்) ஏற்றப் பார்த்தோம். பழையதை அழித்த கையோடு மின்சாரம் போய்விட்டது. யுபிஎஸ் இருந்ததால் கணினி அணையவில்லை. ஆனால் அதன் பிறகு டிரைவைக் கணினி கண்டுகொள்ளவே இல்லை, டிரேயும் திறக்கவில்லை. கடையில் காட்டினால், “டிரைவ் செத்துவிட்டது, வேறு போட்டுத் தருகிறோம், பழையதை இங்கேயே விட்டுவிட்டுப் போ” என்கிறார்கள். மாற்றிவிடலாமா? (காலடிப்பேட்டை, திருவொற்றியூர்)

பதில்:

தம்பி, மாற்ற வேண்டாம். பழைய டிரைவைக் கடையில் கொடுத்துவிட்டிருந்தால் இன்றே போய்த் திரும்ப வாங்கி வந்துவிடுங்கள். நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் அது செத்த டிரைவ் அல்ல, வெறுமையாகிப்போன டிரைவ். வெறுமையான டிரைவை மறுபடி நிரப்பிவிடலாம். உங்களுக்கு உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எக்ஸ்பாக்ஸ் 360இல் ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாக ஒரு டிவிடி சாவி உண்டு. 16 பைட் நீளம். எழுதிப் பார்த்தால் 0 முதல் 9 வரையிலான எண்களும் ஏ முதல் எஃப் வரையிலான ஆங்கில எழுத்துகளும் கலந்த 32 குறிகள். இந்தச் சாவி இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று டிரைவின் ஃபிளாஷ் நினைவகத்தில், மற்றொன்று பெட்டியின் மதர்போர்டில் உள்ள நாண்ட் என்ற நினைவகச் சிப்பில், பூட்டிய நிலையில். விளையாட்டு டிஸ்க்கை உள்ளே தள்ளியதும் பெட்டி டிரைவைச் சோதிக்கும். டிரைவ் அந்தச் சாவியைக் கொண்டு சரியான பதில் சொன்னால்தான் விளையாட்டு தொடங்கும். உங்கள் பெட்டியின் சாவி உலகத்தில் வேறு எந்த டிரைவிலும் இருக்காது.

அதனால்தான் கடைக்காரர் சொல்வதுபோல வேறு டிரைவை அப்படியே மாட்டுவது தீர்வாகாது. மாட்டிய பிறகு டிரே அழகாகத் திறக்கும், பாட்டு சிடி ஓடும், சினிமா டிவிடியும் ஓடும். ஆனால் விளையாட்டு டிஸ்க்கைப் போட்டால் பெட்டி அதை ஒரு டிவிடியாகவே எடுத்துக்கொள்ளும். ஓட்டினால், ‘இந்த டிஸ்க்கை எக்ஸ்பாக்ஸ் 360இல் போடுங்கள்’ என்று பொருள்படும் அறிவிப்புதான் திரையில் வரும். சாதாரண டிவிடி பிளேயரில் போடுபவர்களுக்காக ஒவ்வொரு விளையாட்டு டிஸ்க்கிலும் வைத்திருக்கும் சின்ன வீடியோ அது. எக்ஸ்பாக்ஸுக்குள்ளேயே அது வந்தால் சாவி பொருந்தவில்லை என்று அர்த்தம். இதை லென்ஸ் கோளாறு என்று நினைத்து லென்ஸ் மாற்றி, மறுபடியும் மாற்றி, பணத்தை இழந்து வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுக்காது. பாட்டும் படமும் ஓடி விளையாட்டு மட்டும் ஓடவில்லை என்றால் முதல் சந்தேகம் சாவி மேல்தான் விழ வேண்டும்.

இப்போது உங்கள் டிரைவுக்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்போம். கணினிக்கு யுபிஎஸ் இருந்தது என்கிறீர்கள். டிரைவுக்கு மின்சாரம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் எக்ஸ்பாக்ஸ் பெட்டியிலிருந்துதான் வந்திருக்கும். அந்த டிரைவின் மின் இணைப்பு, கணினி டிரைவுகளில் வரும் சாதாரண சாட்டா மின் இணைப்பு அல்ல. அது அந்தப் பெட்டிக்கே உரிய தனிப் பிளக். டேட்டா கேபிள் கணினியில், மின்சாரம் எக்ஸ்பாக்ஸில், எக்ஸ்பாக்ஸின் அடாப்டரோ நேராகச் சுவரில். கணினி விழித்திருக்க, டிரைவ் மட்டும் அணைந்துவிட்டது. அழித்தாயிற்று, எழுதவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

டிரே திறப்பது, மோட்டார் சுழல்வது, லேசர் எரிவது, கணினி கேட்டால் “நான் இன்ன டிரைவ்” என்று பதில் சொல்வது, எல்லாம் ஃபர்ம்வேரின் வேலை. அது இல்லாதபோது டிரைவ் ஊமையாகத்தான் இருக்கும். டிரே திறக்கவில்லை என்பதற்காக ரப்பர் பெல்ட்டை மாற்றச் சொல்வார்கள், கேட்காதீர்கள். இந்த டிரைவில் இருப்பது மீடியாடெக் நிறுவனத்தின் சிப். அதற்குள் தொழிற்சாலையிலேயே பதித்த, யாராலும் அழிக்க முடியாத ஒரு சிறு நிரல் தனியாக இருக்கிறது. மின்சாரம் கிடைத்த கணத்தில் சாட்டா கேபிள் வழியாகக் குறிப்பிட்ட ஒரு கட்டளை வந்தால் அந்த நிரல் விழித்துக்கொண்டு, வெறுமையான நினைவகத்தில் எழுத அனுமதிக்கும். டிரைவைக் காப்பாற்றுவது முழுக்க அந்த வழியில்தான்.

ஆனால் எழுதுவதற்கு முன்னால் சாவி கையில் இருக்க வேண்டும். டிரைவில் இருந்த சாவி, அழித்தபோதே போயிருக்கும். எனவே முதல் வேலை, பெரியம்மா மகன் வீட்டுக்குப் போய் அந்தக் கணினியைத் தேடுவது. யாரும் அதை ஃபார்மேட் செய்துவிட வேண்டாம் என்று இப்போதே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

என்ன தேட வேண்டும் என்பதற்கு ஒரு கேள்வி உதவும். அழிப்பதற்கு முன்பு டிரேயைப் பாதி வெளியே நிற்கவைத்து, டிரைவின் மின்சாரத்தை அணைத்துப் போட்டு, சீரியல் போர்ட்டிலிருந்து வந்த ஒரு வயரை வைத்து எதையாவது படித்தீர்களா? அப்படிச் செய்திருந்தால் அதுதான் சாவியை எடுக்கும் சடங்கு. எக்ஸ்பாக்ஸ் டிரைவுகளுக்கு ஃபர்ம்வேர் ஏற்றும் ஜங்கிள்ஃபிளாஷர் மென்பொருளில் செய்திருந்தால் சாவி, டம்மி, ஐடென்டிஃபை, இன்குவைரி, சீரியல் என்ற பெயர்களில் சில கோப்புகள் ஏதாவது ஒரு ஃபோல்டரில் கிடக்கும். சாவிக் கோப்பு மிகச் சரியாக 16 பைட் இருக்கும். டம்மி கோப்பு 2,62,144 பைட், அதாவது 256 கேபி. அதற்குள்ளும் அதே சாவி இருக்கும். மீதி மூன்றும் டிரைவின் அடையாள விவரங்கள். சாவிக் கோப்பைத் திறந்து பாருங்கள். முழுக்க எஃப் அல்லது முழுக்க 0 என்று இருந்தால் அது சாவி அல்ல, தவறிய வாசிப்பு. குளறுபடியான எண்களாக இருந்தால் நல்லது. அதே வாசிப்பு வேறு ஃபோல்டரிலும் இருந்தால் இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒரு குறிகூட மாறக் கூடாது.

கிடைத்துவிட்டால் அந்தக் கோப்புகளை உடனே உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்ளுங்கள். 32 குறிகளையும் ஒரு தாளில் எழுதி, எக்ஸ்பாக்ஸ் மேல்மூடியின் உட்புறம் ஒட்டிவையுங்கள். பெட்டி பத்து கை மாறினாலும் சாவி அதோடு போகும்.

இனி டிரைவை எழுப்பும் வேலை. சாட்டா போர்ட் உள்ள மேசைக் கணினி வேண்டும். கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்புத் திரையில் சாட்டா முறையை ஏஎச்சிஐ என்பதிலிருந்து ஐடிஇ என்பதற்கு மாற்றுங்கள். இந்த மென்பொருள்கள் போர்ட்டோடு நேரடியாகப் பேசுபவை, ஏஎச்சிஐ குறுக்கே நின்றால் திணறும். 32 பிட் விண்டோஸ் இருந்தால் தலைவலி குறைவு. 64 பிட்டில் டிரைவர் கையொப்பச் சோதனையைத் தளர்த்திய பிறகே வேலை நடக்கும். வேலை முடிந்ததும் இரண்டையும் பழையபடி மாற்றிவிடுங்கள்.

கணினி, எக்ஸ்பாக்ஸ் அடாப்டர் இரண்டுமே யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் நம் பக்கம் தெருவில் தண்ணீர் நின்றாலே பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிக்காரர்களுக்கு இது தெரிந்த விஷயம். வானம் இருட்டிக்கொண்டிருக்கும் நாளில் இதைத் தொடாதீர்கள்.

எக்ஸ்பாக்ஸிலிருந்து டிரைவுக்கு மின்சாரம் எடுக்கும்போது டிவிக்குப் போகும் ஏவி கேபிளைப் பெட்டியில் செருகியே வையுங்கள். அது இல்லையென்றால் நான்கு சிவப்பு விளக்குகள் எரியும். பெட்டி பழுதானபோது வரும் மூன்று சிவப்பு விளக்குகளோடு இதைக் குழப்பிக்கொண்டு பயந்துவிட வேண்டாம்.

விண்டோஸ் முழுவதும் ஏறிய பிறகுதான் டிரைவுக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். ஊமை டிரைவைத் தேடிக்கொண்டே கணினி தொடக்கத்திலேயே நின்றுபோகக்கூடும். ஜங்கிள்ஃபிளாஷரில் எம்டிகே ஃபிளாஷ் 32 என்ற பக்கத்துக்குப் போய், டிரைவ் எந்தப் போர்ட்டில் இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். டிரைவ் பெயர் காட்டாது. எனவே எந்தப் போர்ட் என்பதை முன்கூட்டியே, நல்ல டிவிடி டிரைவ் ஒன்றை அதே கேபிளில் மாட்டிப் பார்த்துத் தெரிந்துவைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பிறகு ‘இன்ட்ரோ’ என்ற பொத்தானை அழுத்துங்கள். மென்பொருள் கட்டளையை விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் டிரைவின் மின்சாரத்தை அணைத்து, ஓரிரு நொடி விட்டுப் போட வேண்டும். சிப் கண்விழிக்கும் அந்தக் கணத்தில் கட்டளை போய்ச் சேர்ந்தால், ஸ்டேட்டஸ் வரியில் 72 என்ற எண்ணும் அதன் கீழே ஃபிளாஷ் சிப்பைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரும் வரும். திரையில் அந்த 72ஐப் பார்த்துவிட்டால் டிரைவ் உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் முறையிலேயே வராமல் போகலாம். அணைத்துப் போடும் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் முயலுங்கள். அப்படியும் வரவில்லையென்றால் மென்பொருளைக் குறை சொல்வதற்கு முன் இணைப்புகளைப் பாருங்கள். நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கடலை ஒட்டிய வீடுகளிலிருந்து வரும் டிரைவுகளின் சாட்டா இணைப்பில், மஞ்சளாக மின்ன வேண்டிய ஊசிகள் மங்கி, ஓரங்களில் பச்சை பூத்திருப்பதைப் பார்க்கலாம். உப்புக் காற்று செய்யும் வேலை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஏழு ஊசிகளில் ஒன்றிரண்டு மட்டும் நிறம் மாறியிருக்கும். ஃபர்ம்வேர் நன்றாக இருந்த காலத்தில் எப்படியோ சமாளித்த இணைப்பு, இந்த நுணுக்கமான நேரத்தில் காலை வாரிவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, முழுக்கக் காய்ந்த பிறகு செருகுங்கள். உப்புத்தாளோ அழிரப்பரோ வேண்டாம், மேல்பூச்சு போய்விடும். சாட்டா கேபிளையும் புதிதாகப் போடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மசியாத டிரைவுக்கு, சிப்புக்குப் போகும் மின் இணைப்பில் ஸ்விட்ச் வைத்துத் தட்டி எழுப்பும் வேலை ஒன்று இருக்கிறது. அதில் தகட்டுப் பாதையை வெட்டிப் பற்றவைக்க வேண்டும். கை பழகாதவர்கள் செய்தால் பிழைக்க வேண்டிய போர்டும் போய்விடும். அந்தக் கட்டம் வந்தால் மொபைல் போர்டில் சிப் மாற்றிப் பழகிய ஒருவரிடம் கொடுங்கள், பக்கத்திலேயே இருந்து செய்யச் சொல்லுங்கள், டிரைவோடு வீடு திரும்புங்கள்.

72 வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே ‘ரைட்’ பொத்தானுக்குப் பாயாதீர்கள். டிரைவ் இந்த நிலையில் பொறுமையாகக் காத்திருக்கும். மின்சாரம் மட்டும் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். மென்பொருளில் இடப்பக்கம் மூலக் கோப்பு, வலப்பக்கம் இலக்குக் கோப்பு. இடப்பக்கம் உங்கள் டம்மி கோப்பையும், வலப்பக்கம் லேபிளில் உள்ள அதே 74850சி தொழிற்சாலை ஃபர்ம்வேரையும் ஏற்றுங்கள். பிறகு இடப்பக்கத்துச் சாவியையும் அடையாள விவரங்களையும் வலப்பக்கத்துக்கு நகலெடுக்கும் பொத்தானை அழுத்தி, இரண்டு பக்கமும் காட்டும் 32 குறிகளை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். நீங்கள் பாருங்கள், பெரியம்மா மகனையும் பார்க்கச் சொல்லுங்கள். உருவான கோப்பைத் தனியாகச் சேமித்த பிறகு எழுதத் தொடங்குங்கள். பேங்க் 0 முதல் பேங்க் 3 வரை புள்ளிகள் ஓடி முடிந்து, எழுதியது சரிபார்க்கப்பட்டது என்ற வரி வர வேண்டும். வராவிட்டால் மின்சாரத்தை அணைக்காமல் அப்படியே மறுபடி எழுதலாம். எழுதி முடித்ததும் ‘அவுட்ரோ’ கொடுங்கள். டிரைவ் சிறப்பு நிலையிலிருந்து வெளியே வந்து தன் பெயரைச் சொல்லும். டிரே பொத்தானை அழுத்திப் பாருங்கள், திறக்கும்.

மாற்று ஃபர்ம்வேரையே மறுபடி ஏற்றலாமே என்று உங்களுக்குத் தோன்றும். வேண்டாம் தம்பி. அது நகல் டிஸ்க்குகளை ஓட்டுவதற்காக உருவானது. இணையத்தில் இணைந்த அப்படிப்பட்ட பெட்டிகளை மைக்ரோசாஃப்ட் கூட்டம் கூட்டமாகத் தடை செய்திருக்கிறது. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்திலும், உரிமையை மீறும் நோக்கத்தோடு இதுபோன்ற பூட்டுகளை உடைப்பது 2012 திருத்தத்தில் சேர்ந்த 65ஏ பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அதையெல்லாம் விடுங்கள், 360க்கான இணையக் கடையை 2024 ஜூலை 29 அன்று மூடிவிட்டார்கள். பெட்டியின் உற்பத்தி 2016லேயே நின்றது. இனி அந்தப் பெட்டிக்கென்று புதிதாக ஒரு விளையாட்டு வாங்குவதென்றால் பழைய அசல் டிஸ்க் தேடுவதுதான் வழி. அந்த டிஸ்க்குகளைப் படிக்கும் டிரைவைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கே திருப்பி நிம்மதியாக வைத்திருப்பதைத்தான் நான் விரும்புவேன்.

சாவிக் கோப்பு கிடைக்கவே இல்லை என்றால்? அப்போதும் கைவிட வேண்டாம். மதர்போர்டில் இரண்டாவது பிரதி இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? அதைத் திறக்க அந்தப் பெட்டியின் சிபியு சாவி, அதாவது அதன் மையச் சிப்புக்குள் இருக்கும் இன்னொரு சாவி, வேண்டும். 2011இல் வெளிவந்த ரீசெட் கிளிட்ச் முறையில் போர்டில் சிறு சிப் ஒன்றைப் பற்றவைத்து அதை எடுப்பார்கள். சிபியு சாவியும் நாண்ட் சிப்பின் நகலும் சேர்ந்தால் டிவிடி சாவி கிடைத்துவிடும். நுட்பமான பற்றவைப்பு, கூலியும் கணிசமாக இருக்கும். 2025 மார்ச்சில் பேட் அப்டேட் என்ற மென்பொருள் வழி வெளியானது. பற்றவைப்பே தேவையில்லை, பென் டிரைவ் போதும். பெட்டியின் சிஸ்டம் மென்பொருள் 17559 என்ற கடைசிப் பதிப்பில் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் உடனே வேலை செய்யாது, காத்திருந்து மறுபடி முயல வேண்டியிருக்கும். பெட்டியை அணைத்தால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். சாவியைப் படித்துக் குறித்துக்கொள்ள அதுவே தாராளம். உங்கள் நிலையில் நான் முதலில் இதைத்தான் முயல்வேன்.

இதற்குப் பெட்டி முகப்புத் திரை வரை போக வேண்டும். ஊமை டிரைவோடு அது இ64, இ65 போன்ற பிழை எண்ணைக் காட்டி நின்றுவிட்டால், நண்பர்கள் யாரிடமாவது அதே மாதிரி டிரைவ் ஒன்றை இரவல் வாங்கி மாட்டுங்கள். சாவி பொருந்தாத டிரைவாக இருந்தாலும் முகப்புத் திரைக்கு வர அது போதும். விளையாட்டு டிஸ்க் மட்டும்தான் ஓடாது.

ஒருவேளை லென்ஸோ மோட்டாரோ நிஜமாகவே தேய்ந்துபோய், டிரைவ் மாற்றும் நிலை பின்னாளில் வந்தால் இன்னொன்றை நினைவில் வையுங்கள். அதே மாதிரி டிரைவ் வாங்கினால் முழுவதையும் மாற்றத் தேவையில்லை. சாவி இருப்பது டிரைவின் அடியில் உள்ள பச்சைப் போர்டில். வாங்கிய டிரைவின் போர்டைக் கழற்றிவிட்டு, உங்கள் பழைய போர்டை அதில் பொருத்தினால் சாவியும் கூடவே வந்துவிடும். ரிப்பன் கேபிள்களின் தாழ்ப்பாளை நகத்தால் மெல்ல நெம்பி எடுங்கள், இழுக்காதீர்கள். லேசர் தலை நிலைமின்சாரத்துக்குச் சட்டென்று பலியாகும். கையில் தரைவயர் கட்டிக்கொண்டு செய்யுங்கள். பர்மா பஜாரிலோ வேறெங்கோ பழைய டிரைவ் வாங்கப் போகும்போது உங்கள் டிரைவையும் கையில் எடுத்துக்கொண்டு போய், லேபிளோடு லேபிளை வைத்துப் பார்த்து வாங்குங்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாப் பெட்டியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே ஹிட்டாச்சி, சாம்சங், பென்கியூ, லைட்-ஆன் என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம், ஒன்றின் போர்டு மற்றொன்றில் உட்காராது.

கடைக்காரரிடம் கோபப்பட வேண்டாம். டிரைவை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போது அடிப்பக்கம் திருப்பி, லேபிளில் உள்ள வரிசை எண் உங்கள் டிரைவுடையதுதானா என்று பாருங்கள். கணினியில் அந்தக் கோப்புகள் கிடைத்ததா இல்லையா என்று எழுதுங்கள். 72 வராவிட்டால் ஸ்டேட்டஸ் வரியில் என்ன எண் வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதைப் பார்த்து அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.